‘ஃபினிஷ்’ என்றால் ‘முடி’ தானா? ஒரு முழுமையான வழிகாட்டி

“இவர்தான் எங்கட தங்கச்சியை முடிச்சவர்” என்று திருகோணமலையில் ஒருவரை அறிமுகப்படுத்தினால், கேட்பவர் சிரித்துக்கொண்டே கை கொடுப்பார். “எப்ப கலியாணம் நடந்தது? எங்களுக்குச் சொல்லவே இல்லையே” என்று செல்லமாகக் கோபிக்கவும் செய்வார். அதே வசனத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, “ஹீ ஃபினிஷ்ட் மை சிஸ்டர்” என்று நம் நிலாவெளிக் கடற்கரைக்கு வந்த வெள்ளைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். கொடுக்க வந்த கையை இழுத்துக்கொள்வார். அவர் காதில் விழுந்தது “இவன் என் தங்கச்சியைக் கொன்றுவிட்டான்” என்பது.

‘ஃபினிஷ்’ என்றால் ‘முடி’ என்று ஆறாம் வகுப்பில் படித்ததை நாம் யாரும் பிறகு சரிபார்ப்பதில்லை. இரண்டு சொல்லும் ஒரு மூலையில் மட்டும்தான் தொட்டுக்கொள்கின்றன. அந்த மூலையைத் தாண்டினால் ‘முடி’ ஒரு பக்கமும் ‘ஃபினிஷ்’ இன்னொரு பக்கமும் போய்விடும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும், உப்புவெளிப் பக்கம் விருந்தினர் விடுதிகளில் வேலை செய்யும் தம்பி தங்கச்சிமாருக்கும், அலுவலகத்தில் இங்கிலீஷில் கடிதம் எழுத வேண்டியிருப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று, அந்தப் பிரிவைப் படிப்படியாகத் தருகிறேன். இங்கிலீஷ் வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். ‘ஃ’ வரும் இடத்தில் மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊதிச் சொல்லுங்கள்.

படி 1: முதலில் தமிழ் ‘முடி’யைப் பிரித்து வையுங்கள்

இங்கிலீஷைத் தொடுவதற்கு முன் நம்முடைய வீட்டைச் சரிசெய்ய வேண்டும். ஒரு கொப்பியில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

“வேலையைச் செய்து முடிச்சன்.”
“என்னால செய்ய முடியும்.”
“எல்லாரும் கதைச்சு ஒரு முடிவு எடுத்தம்.”
“சோதினை முடிவு வந்திட்டுது.”
“அவர் ஆரை முடிச்சவர்?”
“மீன் முடிஞ்சுது, தம்பி.”

ஆறு வசனத்திலும் ‘முடி’ இருக்கிறது. தயங்காமல் ‘ஃபினிஷ்’ போடக்கூடியது முதலாவது மட்டும்தான். இரண்டாவது ‘கான்’. மூன்றாவது ‘டிசைட்’, நான்காவது ‘ரிசல்ட்ஸ்’, ஐந்தாவது ‘மரி’, அதாவது கலியாணம் கட்டுவது. ஆறாவதுக்கு ‘ரன் அவுட்’ என்று தனியாக ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

பெரிய பொறி முதல் இரண்டுக்கும் இடையில்தான். “சாப்பிட்டு முடிஞ்சுது”, “சாப்பிட முடிஞ்சுது” என்ற இரண்டையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதலாவது, தட்டு காலி. இரண்டாவது, நாலு நாள் காய்ச்சலில் கிடந்தவருக்கு இன்றைக்குத்தான் வாயில் சோறு இறங்கியிருக்கிறது. மாறியது முதல் சொல்லின் கடைசி மட்டும்தான். இலக்கணத்தில் ‘செய்து’ வாய்பாடு, ‘செய’ வாய்பாடு என்று படித்தீர்களே, அதுதான் இங்கே வேலை செய்கிறது. ‘முடி’க்கு முன்னால் ‘செய்து’ வந்தால் ‘ஃபினிஷ்’. ‘செய்ய’ வந்தால் ‘கான்’, அல்லது ‘ஏபிள் டு’. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே பாதிப் பிழை போய்விடும்.

தமிழில் இந்தத் துப்பு ‘முடி’க்கு முன்னால் நிற்கிறது. இங்கிலீஷில் பெரும்பாலும் ‘ஃபினிஷ்’ஷுக்குப் பின்னால் நிற்கும். ஆகவே ‘ஃபினிஷ்’ஷைக் கண்டால் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள்.

படி 2: சொல் எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பரீட்சைக்கு இது வராது. ஆனால் பொருள்கள் ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்பது இதைத் தெரிந்தால்தான் விளங்கும். லத்தீனில் ‘ஃபினிஸ்’ என்றால் எல்லை. காணிக்கு வேலி போடும் இடம், அதற்கு மேல் போகக்கூடாத இடம். அதிலிருந்து வந்த வினை பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டளவில் இங்கிலீஷுக்குள் வந்தது. எனவே ‘ஃபினிஷ்’ஷின் அடியில் கிடப்பது நிற்பாட்டுவது இல்லை, எல்லை வரை போய்ச் சேருவது. பாதியில் விட்டுவிட்டு எழும்பினால் அது ‘ஸ்டொப்’. கடைசிவரை போனால் ‘ஃபினிஷ்’.

இதன் சொந்தக்காரர்கள் நம்மூரிலும் உலாவுகிறார்கள். ஹெல்மெட் இல்லாமல் போய்ப் பொலிஸிடம் கட்டும் ‘ஃபைன்’ இதே குடும்பம். வழக்கைத் தீர்த்து முடிக்கக் கட்டிய பணம் என்று தொடங்கிய சொல் அது. “ஐ ஆம் ஃபைன்” என்கிறோமே, அந்த ‘ஃபைன்’னும் இங்கேயிருந்துதான் வந்தது, இதற்கு மேல் திருத்த ஒன்றுமில்லாத தரம் என்ற பொருளில். லீசிங் எடுத்த ஓட்டோக்காரருக்கு நன்றாகத் தெரிந்த ‘ஃபைனான்ஸ்’ஸும் கடனைத் தீர்த்து முடிப்பது என்ற பொருளில் பிறந்தது. நாமும் “கடனைக் கட்டி முடிச்சிட்டன்” என்றுதானே சொல்கிறோம்?

எனக்கு மிகவும் பிடித்த உறவு இன்னொன்று. இங்கிலீஷ் இலக்கணத்தில் ‘ஃபைனைட் வேர்ப்’ என்று ஒன்று உண்டு. அதைத் தமிழில் வினைமுற்று என்கிறோம். லத்தீன்காரன் ‘எல்லை கட்டப்பட்ட வினை’ என்றான், இடமும் எண்ணும் அதற்கு எல்லை கட்டுகின்றன என்பதால். நம் இலக்கணக்காரர் திணை, பால், எண், இடம் காட்டி நிறைவு பெற்ற வினையை ‘முற்று’ என்றார்கள், குறை நிற்பதை ‘எச்சம்’ என்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியதில்லை. ஆனாலும் வினை எங்கே முடிகிறது என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம் வந்திருக்கிறது. ‘எச்ச’த்தைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், அடுத்த படியில் உடனே தேவைப்படும்.

படி 3: பின்னால் என்ன நிற்கிறது?

*‘இங்’ நின்றால்.* “சாப்பிட்டு முடிச்சன்” என்பது “ஐ ஃபினிஷ்ட் ஈட்டிங்”. “ஐ ஃபினிஷ்ட் டு ஈட்” என்பது இங்கிலீஷே இல்லை. ‘ஃபினிஷ்’ஷுக்குப் பின்னால் ‘டு’ போட்டு வினை எழுதக்கூடாது. நினைவில் வைப்பதற்கு நம்முடைய வினையெச்சம்தான் நல்ல வழி. எழுதி முடி, கழுவி முடி, வாசிச்சு முடி என்று தமிழில் எச்சம் வருமிடத்தில் இங்கிலீஷில் ‘இங்’ வரும். ‘ஃபினிஷ் ரைட்டிங், ஃபினிஷ் வோஷிங், ஃபினிஷ் ரீடிங்.’

*பெயர்ச்சொல் நின்றால்.* “ஷீ ஃபினிஷ்ட் த புக்.” வாசித்து முடித்தாளா, எழுதி முடித்தாளா? ஆளைப் பொறுத்தது. வாசகி என்றால் வாசித்தாள், எழுத்தாளர் என்றால் எழுதினாள். “ஃபினிஷ் யுவர் டீ” என்றால் மிச்சம் வைக்காமல் குடி என்று. தச்சு வேலைக்காரர் “ஐ வில் ஃபினிஷ் த டேபிள் டுமோரோ” என்றால் நாளைக்குப் பொலிஷ் அடித்துத் தருவேன் என்பதாகவும் இருக்கலாம்.

*வரிசை எண் நின்றால்.* அது ஓட்டப் போட்டி. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் சுசந்திகா ஜயசிங்க “ஃபினிஷ்ட் தேர்ட்”. மூன்றாவதாக ஓடி முடித்தார். முதலாவது வந்த மரியன் ஜோன்ஸின் பதக்கம் ஊக்கமருந்துக் குற்றத்தால் பறிபோன பிறகு சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது. பதக்கம் மாறினாலும் கோட்டைக் கடந்த அந்த நேரத்தைச் சொல்ல இன்றைக்கும் ‘ஃபினிஷ்ட் தேர்ட்’ என்றுதான் வரும், ஏனென்றால் ‘ஃபினிஷ்’ சொல்வது கோட்டைத் தொட்ட வரிசையை.

*‘ஓஃப்’ நின்றால்.* மிச்சம் மீதி இல்லாமல் ஒரேயடியாக முடிப்பது. 2011 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் குலசேகரவின் பந்தை தோனி சிக்சருக்கு அனுப்பியபோது ரவி சாஸ்திரி கத்தினாரே, “தோனி ஃபினிஷஸ் ஓஃப் இன் ஸ்டைல்” என்று. நமக்கு அந்த இரவு கசப்பானதுதான், பாடத்துக்கு மட்டும் நன்றாக உதவுகிறது. கிரிக்கெட்டில் ‘ஃபினிஷர்’ என்ற பட்டமும் இதே எண்ணத்தில்தான். ஆனால் ‘ஓஃப்’புக்குப் பக்கத்தில் ஆள் வந்தால் கவனம். “தே ஃபினிஷ்ட் ஹிம் ஓஃப்” என்றால் கொன்றுவிட்டார்கள். தமிழிலும் “ஆளை முடிச்சிட்டாங்கள்” என்போம். இந்தப் பகுதியில் அந்தச் சொல் எவ்வளவு சாதாரணமாகக் கதைக்கப்பட்டது என்பதை நாற்பது வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. இரண்டு மொழியும் ஒன்றுபோல நடக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

*‘வித்’ நின்றால்.* “ஹாவ் யூ ஃபினிஷ்ட் வித் த நியூஸ்பேப்பர்?” பேப்பர் உங்களுக்கு இனித் தேவையா, நான் எடுக்கவா என்று கேட்கிறார். “ஷீ ஃபினிஷ்ட் வித் ஹிம்” என்றால் காதல் முறிந்தது.

*‘அப்’ நின்றால்* சாப்பாட்டை மிச்சம் விடாமல் முடிப்பது. சில வேளை எங்கேயோ தொடங்கி எங்கேயோ போய்ச் சேர்ந்ததையும் சொல்லும். அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை.

படி 4: முன்னால் நிற்பது ‘ஹாவ்’வா, ‘பீ’யா?

பின்னால் ஒன்றுமே இல்லாவிட்டால்தான் முன்னால் பார்க்க வேண்டும். “ஐ ஹாவ் ஃபினிஷ்ட்” என்றால் முடித்துவிட்டேன், அவ்வளவுதான். “ஐ ஆம் ஃபினிஷ்ட்” என்றால் இரண்டு வரலாம். ஒன்று, முடித்துவிட்டேன் என்பதைப் பேச்சு வழக்கில் சொல்வது. மற்றது, என் கதை முடிந்தது. கணக்குப் புத்தகத்தில் காசு குறைந்திருப்பதை முதலாளி கண்டுபிடித்த அன்றைக்குக் காசாளர் சொல்லும் “ஐ ஆம் ஃபினிஷ்ட்” இரண்டாவது வகை. “அவன்ட கதை முடிஞ்சுது” என்று நாம் சொல்வதும் இதையேதான்.

இது அதிகம் பயன்படும் இடம் சாப்பாட்டு மேசை. உப்புவெளிக் கடற்கரையோரம் ஒரு விடுதி என்று வைத்துக்கொள்ளுங்கள், சுற்றுலாக்காரர் வரும் மாதங்கள். தட்டில் பொரித்த பாரை மீன் பாதி கிடக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையன் போய், “ஃபினிஷ்?” என்று கேட்டபடி தட்டில் கை வைக்கிறான். மூத்தவர் உள்ளேயிருந்து கூப்பிடுகிறார்.

“தம்பி, கரண்டியைப் பாத்தனியா?”

“இல்லை அண்ணா, என்ன?”

“கத்தியும் முள்ளுக்கரண்டியும் ரெண்டு பக்கமும் விரிச்சபடி கிடந்தா, அவர் இன்னும் சாப்பிடுறார். ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில சேத்து வைச்சாத்தான் முடிச்சிட்டார் எண்டு அர்த்தம். அப்பவும் ‘ஃபினிஷ்’ எண்டு கேக்காதை. ‘மே ஐ டேக் யுவர் ப்ளேட்?’ எண்டு கேள்.”

மூத்தவர் சொன்னது சரி. ‘ஃபினிஷ்?’ என்ற ஒற்றைச் சொல் கேள்வி எழும்பு, இடத்தைக் காலி பண்ணு என்பதுபோல ஒலிக்கும். “ஹாவ் யூ ஃபினிஷ்ட்?” பரவாயில்லை. “ஆர் யூ ஃபினிஷ்ட்?” பிழையில்லை, ஆனால் சொல்லும் குரலைப் பொறுத்துக் கொஞ்சம் கடுமையாக விழும். தட்டைப் பற்றிக் கேட்பதே மரியாதை.

உச்சரிப்பில் ஒன்று. ‘ஃபினிஷ்ட்’ இரண்டே அசை. ‘ஃபினிஷெட்’ என்று மூன்றாக நீட்ட வேண்டாம்.

படி 5: பெயர்ச்சொல்லாக நிற்கும் ‘ஃபினிஷ்’

இந்தப் பகுதியை நம்மூர் மேசன்மார் ஆங்கில ஆசிரியர்களைவிட நன்றாக விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். “கட்டுவேலை முடிஞ்சுது, ஃபினிஷிங்தான் மிச்சம்” என்று ஒரு மேசன் சொல்லும்போது, முடிந்த ஒன்றில் முடித்தல் மிச்சம் இருக்கிறது என்கிறார். முரணாகத் தெரிந்தாலும் நூறு வீதம் சரியான பயன்பாடு. சீமெந்துப் பூச்சு, பெயின்ட், கைபிடியின் மினுக்கம் என்று மேற்பரப்புக்குச் செய்யும் கடைசி வேலைதான் அங்கே ‘ஃபினிஷிங்’. பெயின்ட் வாளியைத் திருப்பிப் பாருங்கள். ‘மட் ஃபினிஷ்’ என்றால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காத மங்கல் பரப்பு. ‘க்ளொஸ் ஃபினிஷ்’ என்றால் பளபளப்பு. இங்கே ‘முடிவு’ என்று மொழிபெயர்த்தால் கடைக்காரரே சிரிப்பார். மேற்பூச்சு, மினுக்கம் என்று சொல்லலாம், அல்லது எல்லாரையும் போல ‘ஃபினிஷ்’ என்றே விட்டுவிடலாம்.

வைன், கோப்பி ருசி பார்ப்பவர்கள் விழுங்கிய பின் நாக்கில் நிற்கும் சுவையை ‘ஃபினிஷ்’ என்பார்கள்.

வர்த்தகப் பாடம் படிப்பவர்களுக்கு ‘ஃபினிஷ்ட் குட்ஸ்’ தெரிந்திருக்கும், முடிவுப் பொருள். சீனக்குடாவில் பிரிமா ஆலைக்குக் கப்பலில் வரும் கோதுமை மூலப்பொருள், அங்கிருந்து வெளியேறும் மா முடிவுப் பொருள். அதே மா மூடையை ஒரு பேக்கரிக்காரர் இறக்கினால் அது அவருக்கு மூலப்பொருள், பாண்தான் முடிவுப் பொருள். ‘ஃபினிஷ்ட்’ என்பது பொருளில் ஒட்டியிருக்கும் குணம் இல்லை, யாருடைய எல்லையில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

பிறகு ஓட்டப் போட்டி. இல்ல விளையாட்டுப் போட்டிகளில் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு ‘ஃபினிஷிங் லைன்’னில் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பயனில்லை. உலக தடகள விதிப்படி கை, கால், தலை, கழுத்து எதுவும் கணக்கில் இல்லை, நடுவுடம்பு கோட்டை எட்ட வேண்டும். கண்ணால் பிரிக்க முடியாமல் போனால் படம் எடுத்துத் தீர்ப்பதுதான் ‘ஃபொட்டோ ஃபினிஷ்’. 2024 பாரிஸ் ஒலிம்பிக் 100 மீற்றரில் நோவா லைல்ஸ் 9.784 செக்கன், கிஷேன் தொம்சன் 9.789 செக்கன். இருவருக்கும் பலகையில் 9.79 என்றே விழுந்தது, படம்தான் தங்கத்தைக் கொடுத்தது. தேர்தலில் நாலைந்து வாக்கில் வென்றாலும் இதே சொல்லை எழுதுவார்கள்.

பின்லாந்து மொழிக்கும் காதில் இதே ஒலிதான் விழும். எழுத்தில் ஒரு ‘என்’ கூடுதல், முதல் எழுத்தும் பெரியது. எழுதும்போது கவனியுங்கள்.

படி 6: ‘ஃபினிஷ்’ போடக்கூடாத இடங்கள்

*பாதை, தண்டவாளம், கதை, சண்டை.* இவற்றுக்கு ‘எண்ட்’. அம்பேபுஸ்ஸவில் தொடங்கும் ஏ6 வீதி திருகோணமலையில் “எண்ட்ஸ்”. கொழும்பிலிருந்து வரும் ரயிலுக்கும் நம் நிலையம்தான் ‘எண்ட்’. வீதி ஒரு வேலையைச் செய்து முடிக்கவில்லை, அந்த இடத்துக்கு மேல் இல்லை, அவ்வளவுதான். ‘எண்ட்’ டுக்கு லத்தீன் உறவில்லை. அது சமஸ்கிருத ‘அந்த’த்துக்குத் தூரத்துச் சொந்தம். ஆதியும் அந்தமும் இல்லாதவன் என்று கோணேசர் சந்நிதியில் பாடும்போது, அந்த ‘அந்தம்’ வெள்ளைக்காரனின் ‘எண்ட்’டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம்.

*நேரம் குறித்த நிகழ்வுகள்.* பள்ளிக்கூடம், கூட்டம், பூசை. “இட் இஸ் ஓவர்” இயல்பு. ‘ஃபினிஷ்’ஷும் பிழையில்லை.

*கடை.* இன்றைக்குப் பூட்டியது என்றால் ‘க்ளோஸ்ட்’.

*படிவம்.* ‘கம்ப்ளீட் த ஃபோம்’. எல்லாக் கட்டமும் நிரம்ப வேண்டும் என்பது பொருள். எழுதி முடித்தும் ஒரு கட்டம் காலியாக இருந்தால் ‘ஃபினிஷ்ட்’, ஆனால் ‘கம்ப்ளீட்’ இல்லை. அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள்.

*சரக்கு தீர்ந்தால்.* 2022இல், 99 எண்ணெய்க் குதங்கள் இருக்கும் இந்த மாவட்டத்திலேயே, பெற்றோல் வரிசையில் நின்று “முடிஞ்சுது” என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பியவர்கள் எத்தனை பேர்! “பெற்றோல் ஃபினிஷ்ட்” என்றால் யாருக்கும் விளங்கும். வாடிக்கையாளரிடம் முறையாகச் சொல்வது “வீ ஹாவ் ரன் அவுட் ஒஃப் பெற்றோல்”. சாப்பாட்டுக் கடையில் “சொரி, வீ ஆர் அவுட் ஒஃப் ஃபிஷ்”. “ஃபிஷ் ஃபினிஷ்ட்” என்று வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒரே சொல்லாகக் காதில் விழும்.

*லீசிங்.* கடனைக் கட்டி முடித்தால் ‘பெய்ட் ஓஃப்’.

*‘இட்டன்’ விகுதி.* “சாப்பிட்டிட்டன்”, “குளிச்சிட்டன்” என்பதற்கெல்லாம் ‘ஃபினிஷ்’ தேவையில்லை. “ஐ ஹாவ் ஈட்டன்” என்றாலே அந்த ‘இட்டன்’ உள்ளே வந்துவிடும். ‘சாப்பிட்டு முடிச்சிட்டன்’ என்று நீங்கள் அழுத்திச் சொல்லும் இடத்தில் மட்டும் ‘ஃபினிஷ்’ போடுங்கள்.

படி 7: செய்து பாருங்கள்

விடையை மறைத்துவிட்டு, முதலில் ‘முடி’க்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிறகு இங்கிலீஷ் வசனத்தைக் கட்டுங்கள்.

“கதவுக்குப் பொலிஷ் அடிச்சு முடிச்சன்.” எச்சம் இருக்கிறது, ஆகவே ‘இங்’. “ஐ ஃபினிஷ்ட் பொலிஷிங் த டோர்.”

“நேற்று மூதூருக்குப் போக முடியேல்லை.” ‘போக’ என்று இருக்கிறது. “ஐ குட் நொட் கோ டு மூதூர் யெஸ்டர்டே.”

“படத்தின்ட முடிவு பிடிக்கேல்லை.” “ஐ டிட் நொட் லைக் த எண்டிங்.”

“கூட்டத்தில ஒரு முடிவும் வரேல்லை.” “நோ டிசிஷன் வோஸ் மேட் அட் த மீட்டிங்.”

“அவன் நாலாவதா வந்தவன்.” தமிழில் ‘முடி’யே இல்லை. இங்கிலீஷில் “ஹீ ஃபினிஷ்ட் ஃபோர்த்”.

கடைசிச் சோடி கொஞ்சம் கடினம். “வேலை முடிஞ்சா வாங்கோ.” இங்கே ‘முடிஞ்சா’வுக்கு முன்னால் ‘வேலை’ என்ற பெயர் நிற்கிறது: “கம் வென் யூ ஹாவ் ஃபினிஷ்ட் வேர்க்.” “முடிஞ்சா வாங்கோ.” முன்னால் ஒன்றுமில்லை, ‘வர’ என்ற சொல் வாய்க்குள்ளேயே மறைந்து நிற்கிறது: “கம் இஃப் யூ கான்.”